ஆபிராமுக்கும் லோத்துக்கும் நடுவே: பரம்பிக்குளம் நீரும் தேசத்தின் குடிகளும்

நல்லூர் இன்று திருப்பூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. 2011ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக இருந்தது. பின்னலாடைக் கூடங்களும் அவற்றைச் சார்ந்த பட்டறைகளும் நெருங்கி நிற்கும் இவ்வூரில் உழவு என்பது பெரும்பாலோர்க்குப் பாட்டன் காலத்து நினைவாகிவிட்டது. ஆயினும் அறுப்பின் பண்டிகை வந்துவிட்டால் சபையாரின் வேர் எங்கே உள்ளது என்பது தெரிந்துவிடும். பல்லடம், உடுமலை, காங்கயம் பக்கத்து உறவினர் கொண்டுவரும் தேங்காய்க் குலைகளும் மக்காச்சோளக் கதிர்களும் பீடத்தருகே குவியும். அவற்றுள் பெரும்பகுதி பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் நீரில் விளைந்தது.

அத்தகைய ஒரு பண்டிகையில் கேட்ட அருளுரையே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். திருமறை வாசகம் ஆதியாகமம் 13ஆம் அதிகாரம். அருளுரையாளர் இளைஞர், தேர்ந்த பேச்சாளர். இடம் போதாமையால் இரு வீட்டு மேய்ப்பருக்குள்ளும் சச்சரவு எழுந்தது. மூத்தவராகிய ஆபிராம், தெரிந்தெடுக்கும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுத்தார். சகோதரர் சமாதானமாய்ப் பிரிந்தனர். தமிழகமும் கேரளமும் இவ்வாறே சகோதரர் என்றும், 1970இல் அவை செய்துகொண்ட நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் விட்டுக்கொடுத்தலின் கனி என்றும், நாம் படைக்கும் காணிக்கை அச்சமாதானத்தின் விளைச்சல் என்றும் அவர் பொருத்திக் காட்டினார். சபையார் உள்ளம் நெகிழ்ந்தனர். நானும் நெகிழ்ந்தேன். இதே அதிகாரத்தை வைத்து, ஏறத்தாழ இதே அமைப்பில், நானே மூன்று முறையாவது அருளுரை ஆற்றியிருக்கிறேன். ஆகையால் இத்திறனாய்வு அவ்விளைஞர்மீது தொடுக்கப்படுவதன்று. நம்மிடையே வழக்கமாகிவிட்ட ஒரு வாசிப்பு முறையைப் பற்றியது.

அன்று மாலை அதிகாரத்தை மீண்டும் வாசித்தபோது ஏழாம் வசனத்தின் பிற்பகுதியில் கண் நின்றது. மேய்ப்பரின் சச்சரவைக் கூறிய உடனே, கானானியரும் பெரிசியரும் அப்போது அந்நாட்டில் வாழ்ந்துவந்தனர் என்றொரு குறிப்பை ஆசிரியர் சேர்க்கிறார். சேர்த்துவிட்டு ஆபிராமின் பேச்சுக்குச் சென்றுவிடுகிறார். நாடு இருவரிடையே பிரிக்கப்படுகிறது. அதில் முன்னமே குடியிருந்தோர்க்கு அரை வசனம் மட்டுமே கிடைக்கிறது. அருளுரையில் அந்த அரை வசனமும் இல்லை. என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன், அவற்றிலும் இல்லை.

உரையாளர்கள் இவ்வசனத்தைக் காணாமல் விட்டனர் என்று கூற இயலாது. 12:6இல் வரும் இதையொத்த குறிப்பில் ஒரு மறைபொருள் உண்டு, அறிந்தவன் மௌனமாயிருக்கக்கடவன் என்ற கருத்துப்பட 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் இப்ன் எஸ்ரா எழுதினார். இதை எழுதியவர் மோசேயா, கானானியர் அற்றுப்போனபின் வாழ்ந்த வேறொருவரா என்ற நெடிய விவாதத்திற்கு அக்குறிப்பு ஒரு வாசலாயிற்று. மறுபுறம், நம் முன்னோர் விரும்பிப் படித்த மாத்தேயு ஹென்றி, புறமதத்தார் கண்முன்னே விசுவாசக் குடும்பத்தார் சண்டையிடுவது ஆபத்து, இடறலும்கூட என்று 13:7க்குப் பொருள் கண்டார். ஆக்கியோன் யார் என்ற வினாவுக்கும், நம் சாட்சி கெடுமோ என்ற கவலைக்கும் கானானியர் பயன்பட்டனர். பங்கிடப்படுகிற புல்லும் நீரும் யாருடையவை என்ற வினா எழவில்லை.

இவ்வினாவை நம் வாய்க்காலின் தலைப்புக்குக் கொண்டுசெல்வோம்.

பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம், ஆனைமலைத் தொடரில் மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளை அணைகளாலும் சுரங்க வழிகளாலும் இணைத்து, கிழக்கே கொங்குச் சமவெளிக்குத் திருப்புவது. 1961இல் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் உள்ளன. அவற்றைக் கட்டியதும் இயக்கிப் பராமரிப்பதும் தமிழகம். ஒப்பந்தம் கையொப்பமானது 1970 மே 29ஆம் நாள். ஆனால் அது 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. கேரளத்துக்குச் சோலையாற்றில் ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி.யும், சித்தூர்ப்புழைக்காக மணக்கடவில் 7.25 டி.எம்.சி.யும் என வரையறுக்கப்பட்டது. 30 ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுஆய்வு செய்யப்படும் என்றும் கூறப்பட்டது. முதல் மறுஆய்வு 1988இல் வந்திருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைக்க இசைந்தபோதும் அது பேச்சளவில்தான் இருந்தது. தமிழகப் பக்கம் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து இந்நீரைப் பெறுகிறது. இவை நம் உழவர் நாவில் அன்றாடம் புரளும் செய்திகள்.

அன்றாடம் நாவில் புரளாதது ஒன்று உண்டு. அந்த அணைகள் எழும்பிய காடு வெறுங்காடன்று. காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்னும் குடியினர் அங்கு வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். காடரைப் பற்றிக் கொச்சி அரசின் இனவியலாளர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1909இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எரன்ஃபெல்ஸ் 1952இலும் விரிவாக எழுதியுள்ளனர். தேனும் குங்கிலியமும் கிழங்கும் சேகரித்து, காட்டுக்குள் இடம் மாறி மாறிக் குடியிருந்த சிறு கூட்டத்தார் அவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி அரசின் மர டிராம் பாதை அவர்கள் காட்டை ஊடறுத்தது, பின்னர்த் தேக்குத் தோட்டங்கள் வந்தன, அதன்பின் அணைகள், இறுதியில் புலிகள் காப்பகங்கள் (தமிழகப் பக்கம் 2007, பரம்பிக்குளத்தில் 2010). ஒவ்வொன்றும் அவர்களைச் சற்றுத் தள்ளி வைத்தது. நீர் திரும்பியதை நாம் அறிவோம். ஆற்றோடு ஆட்களும் திரும்ப வேண்டியிருந்ததை நாம் கேட்டதில்லை.

எல்லைக் கோடு அவர்களுக்குச் செய்திருப்பதைக் கவனித்தல் வேண்டும். பரம்பிக்குளத்தில் வாழும் காடர், பாலக்காடு மாவட்டத்து முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தவர். ஆனால் அக்காட்டுக்கு நெடுங்காலமாக இருந்த மோட்டார் வழி சேத்துமடை, டாப்சிலிப் வழியே தமிழகத்தைச் சுற்றி வருவது. தம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகவும், பிரசவ வேதனையில் தம் மாநில மருத்துவமனைக்குப் போகவும் அண்டை மாநிலத்தின் வனச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். மேலும் கேரளத்தில் காடர், குறிப்பாக நலிவுற்ற பழங்குடியினர் என்னும் பட்டியலில் உள்ளனர். தமிழகத்தின் அத்தகைய ஆறு குடிகளுள் காடர் இல்லை. ஒரே மொழி பேசி, ஒருவர்க்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மக்கள், கோட்டுக்கு ஒரு பக்கம் நலிவுற்றவர், மறு பக்கம் அவ்வாறல்லர்.

இங்கே சட்டத்தின் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கிடையேயான ஆற்றுநீர்த் தகராறுச் சட்டம் (1956) நீர்த் தகராறை எழுப்பும் உரிமையை மாநில அரசுக்கே தருகிறது. குடிமக்களின் நலன் பாதிக்கப்பட்டால் அரசு அவர்கள் சார்பில் முறையிடலாம். மக்கள் நடுவர் மன்றம் அமைக்கக் கோரித் தாமே முறையிட இயலாது. உலக அளவிலும் இதே இலக்கணம்தான். அனைத்துலக நீதிமன்றத்தின் விதித்தொகுப்பு, 34ஆம் பிரிவில், அரசுகளே வழக்கின் தரப்பினராகலாம் என்கிறது. நம் நீதிமன்றங்கள் நாடுகளுக்கிடையேயான நீர்ச் சட்டத்தைக் கடன் வாங்கியே மாநிலச் சச்சரவுகளைத் தீர்க்கின்றன; 2018 பிப்ரவரியில் காவிரித் தீர்ப்பு வழங்கிய உச்சநீதிமன்றம் 1966ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி விதிகளைத் துணைக்கொண்டது. நியாயமான பங்கு என்பதே அவ்விதிகளின் நடுக்கருத்து. ஆனால் யாரிடையே நியாயம்? ஆற்றுப் படுகையில் இடம்பெற்ற அரசுகளிடையே. ஆபிராமும் லோத்தும் பேசிக்கொள்கின்றனர். மூன்றாமவர் சூழ்நிலையின் ஒரு பகுதி, மரம்போல.

சட்டத்துக்கு வேறொரு குரலும் உண்டு என்பதே இதில் வியப்பு. பழங்குடியினர் வழிவழியாய் வாழும் நிலத்தின்மீது அவர்களுக்குள்ள தனி உடைமையையும் கூட்டு உடைமையையும் ஏற்க வேண்டும் என்றும், அவர்கள் மனமார இசையாமல் அப்புறப்படுத்தலாகாது என்றும் அனைத்துலகத் தொழில் நிறுவனத்தின் 107ஆம் உடன்படிக்கை (1957) கூறுகிறது. தேசப் பொருளாதார வளர்ச்சி முதலிய காரணங்களுக்கு அது விலக்களிக்கிறது என்பது அதன் பெருங்குறை. பழங்குடியினரை மற்றவரோடு கரைத்துவிடும் நோக்கமும் அதில் உண்டு. எனினும் அந்த விலக்கின் கீழும் ஈடான நிலம் தரப்பட வேண்டும். இந்தியா இதனை ஏற்று உறுதி செய்த நாள் 1958 செப்டம்பர் 29. பரம்பிக்குளம் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் நாள் 1958 நவம்பர் 9. இரண்டுக்கும் இடையே 41 நாள். தில்லியில் ஒரு மேசையில் காடரின் நிலவுரிமை ஏற்கப்பட்டது. ஆறு வாரம் கழித்துத் தொடங்கும் கணக்கில் அவர்கள் காட்டின் நீர் இருவரிடையே பிரிந்தது. அந்த இரு தாள்களும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

பின்னர் வந்தவை இன்னும் தெளிவானவை. ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் (2007 செப்டம்பர் 13), நீர் உள்ளிட்ட வளங்களைப் பயன்படுத்தும் திட்டங்களுக்கு முன்னதாக, கட்டாயமற்ற, தகவலறிந்த இசைவைப் பெற அரசுகள் அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்கிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் விடுதலையின்போது இந்நாட்டில் வாழ்ந்தோர் அனைவரும் இம்மண்ணின் பூர்வகுடிகளே என்று விளக்கமும் கூறியது. எல்லாரும் பூர்வகுடி என்றால் எவரும் தனியே பூர்வகுடி அல்லர். இவ்விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும் காலனி ஆட்சியின் பிளவுபடுத்தும் சூழ்ச்சியை நினைத்த அச்சம் அதில் ஓரளவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஹெல்சிங்கி விதிகளை வகுத்த அதே அனைத்துலகச் சட்டக் கழகம், 2004இல் பெர்லினில் வகுத்த விதிகளில், நீர் மேலாண்மையால் பாதிக்கப்படும் பழங்குடியினரின் உரிமைகளைக் காக்கும் கடமையைத் தனி விதியாகவே சேர்த்தது. நம் நாட்டின் வன உரிமைச் சட்டம் (2006) இவற்றுக்கெல்லாம் உள்ளூர் வடிவம் எனலாம். 2014இல் வாழச்சால் பகுதியின் 9 காடர் குடியிருப்புகளுக்கு அச்சட்டத்தின்கீழ்ச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. அதிரப்பள்ளி மின் திட்டத்தை எதிர்த்தபோது அவர்கள் கைக்கொண்டது இவ்வுரிமையையே. அவர்கள் ஆறு சாலக்குடியாறு; நாம் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம் நீரும் அதனுடையதே.

வேற்று நாட்டு நிகழ்ச்சி ஒன்று நம் கதைக்கு நிழல்போல் பொருந்துகிறது. கொலம்பியா ஆற்றைக் குறித்து அமெரிக்காவும் கனடாவும் 1961இல் உடன்படிக்கை செய்தன. 1964இல் அது செயலுக்கு வந்தது. அங்கும் ஆற்றோர மக்கள் கலந்து பேசப்படவில்லை. அவர்களுள் சினிக்ஸ்ட் என்னும் மக்களை, உடன்படிக்கைக்குச் சில ஆண்டு முன்பே, 1956இல், கனடா அற்றுப்போனவர் என்று அறிவித்திருந்தது. உண்மையில் அவர்களுள் பெரும்பாலோர் எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்தனர். 2010இல் அவர்களில் ஒருவர் எல்லை கடந்து சென்று மூதாதையர் காட்டில் எல்க் என்னும் பெருமானை வேட்டையாடினார், வழக்கு தொடரப்பட்டது. டெசாட்டல் வழக்கு என வழங்கும் அதில் 2021 ஏப்ரலில் கனடா உச்சநீதிமன்றம், குடியுரிமையும் இருப்பிடமும் எல்லைக்கு அப்பால் இருந்தாலும் அம்மக்களின் மரபுரிமை அழியவில்லை என்று தீர்த்தது. ஆற்று உடன்படிக்கையின் மறுபேச்சில் 2019 முதல் மூன்று பழங்குடி இனத்தார் பார்வையாளராக அமர்த்தப்பட்டனர். பார்வையாளர் என்பது பங்காளர் அன்று. என்றாலும் அறைக்குள் ஒரு நாற்காலி. பரம்பிக்குளம் மறுஆய்வுப் பேச்சுகளில் அந்த நாற்காலியும் இல்லை.

நம்மவர் எழுப்பும் மறுப்பை நான் அறிவேன். காடர் சில ஆயிரம் பேர். பாசனத்தால் வாழ்வோர் பல லட்சம். வானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் விதைத்துக் கடன்பட்ட நம் பாட்டன்மார் செல்வரல்லர். வாய்க்காலின் கடைமடையில் இன்றும் தண்ணீர் எட்டாமல் நிலத்தை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வருவோரை நல்லூரில் எவரும் சந்திக்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. நீரைத் திருப்பியிருக்கலாகாது என்பது என் வாதமன்று. கேட்காமல் திருப்பினோம், இன்றுவரை கேட்கவில்லை என்பதே. எண்ணிக்கையே அளவுகோலானால் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி எலியா வாய் திறந்திருக்க வேண்டியதில்லை. ஒருவனுக்கு எதிரே ஓர் அரசு நின்றது.

மேலும் மூன்றாம் தரப்பின் வேதனை நமக்குப் புதிதன்று. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தபோது, 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் கீழ்ப்பகுதி உழவர்கள், ஆலை உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையே தாங்களே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அவர்கள் பேசியதாலேயே 2011இல் சாய ஆலைகளை மூடுமாறு ஆணை பிறந்தது. திருப்பூர் குடிக்கும் பவானி நீரும் நீலகிரியில் தோன்றி, இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அட்டப்பாடி வழியே கேரளத்தில் நுழைந்து மீண்டும் தமிழகத்துக்கு வருவது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு வழங்கிய 30 டி.எம்.சி.யில் 6 டி.எம்.சி. பவானிக்குரியது. அப்பங்கு கேட்கப்பட்டதும் கொடுக்கப்பட்டதும் மாநிலத்தின் பெயரால். அட்டப்பாடியைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இனித் திருமறைக்குத் திரும்புவோம். ஏழாம் வசனத்தை வாசித்துவிட்டால் போதும், அதிகாரம் தூய்மையாகிவிடும் என்று எண்ணுவது தவறு. அமெரிக்கப் பழங்குடியினரான ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் எழுதிய கட்டுரையை நம் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். யாத்திராகமத்தில் விடுதலையைக் கண்டு மகிழும் விடுதலை இறையியலார், அதே கதையைக் கானானியரின் இடத்தில் நின்று வாசித்ததுண்டா என்று அவர் கேட்டார். அவ்வினா நம் அதிகாரத்துக்கும் பொருந்தும். லோத்து பிரிந்தபின், 14 முதல் 17 வரையுள்ள வசனங்களில், கண்ட நிலமெல்லாம் ஆபிராமின் சந்ததிக்கு என்ற வாக்குத்தத்தம் வருகிறது. குடியிருப்போர் அங்கே குறிப்பிடப்படவே இல்லை. இதை மழுப்புதல் தகாது. குடியேறிகள் கையில் இவ்வசனங்கள் என்ன ஆயின என்பதற்கு வரலாறு சாட்சி.

ஆயினும் அதே தொகுப்பு வேறொன்றையும் வைத்திருக்கிறது. அதை வாரியர் போதிய அளவு கருதவில்லை என்பது என் எண்ணம். வாக்குத்தத்தம் பெற்ற ஆபிராம் எங்கே கூடாரமிட்டார்? எப்ரோனில் மம்ரேயின் இடத்தில் (13:18). நம் பழைய மொழிபெயர்ப்பு இதனைச் சமபூமி என்கிறது. எபிரெயச் சொல்லோ கர்வாலி போன்ற பெருமரங்களைக் குறிப்பது. ஆக, அது ஒரு மரத்தோப்பு. மம்ரே என்பது வெறும் இடப்பெயருமன்று. 14:13இல் மம்ரே எமோரியன் என்றும், எஸ்கோலுக்கும் ஆநேருக்கும் சகோதரன் என்றும், அம்மூவரும் ஆபிராமோடு உடன்படிக்கை செய்திருந்தவர் என்றும் காண்கிறோம். வாக்குத்தத்தத்தை மடியில் வைத்துக்கொண்டே ஆபிராம், அந்நாட்டான் ஒருவனின் தோப்பில், அவன் இசைவோடு குடியிருந்திருக்கிறார். போர் முடிந்து கொள்ளைப்பொருள் பங்கிடப்படும்போது தமக்கு ஒரு நூலும் வேண்டாம் என்று மறுக்கிறார். ஆனால் ஆநேர், எஸ்கோல், மம்ரே என்று பெயர் சொல்லி, அவர்கள் பங்கு அவர்களுக்குச் சேர வேண்டும் என்கிறார் (14:24). 23ஆம் அதிகாரத்திலும் அவ்வாறே. மனைவியைப் புதைக்க நிலம் வேண்டியபோது, தம்மை அந்நியனென்று சொல்லிக்கொண்டு, ஏத்தின் புத்திரர் முன் குனிந்து, ஊர் வாசலில் அனைவர் கேட்க விலை பேசி 400 சேக்கல் நிறுத்துக் கொடுக்கிறார்.

13ஆம் அதிகாரத்தில் பின்னணியாய் நின்றவர்கள் 14இல் பெயர் பெறுகின்றனர், பங்கும் பெறுகின்றனர். நாம் பண்டிகைதோறும் வாசிப்பது 13ஐ மட்டுமே.

கடந்த ஆண்டு சபையின் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் இரு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்து, ஒரு விண்ணப்பத்தின் வரைவை முன்வைத்தேன். பரம்பிக்குளம் ஒப்பந்தம் மறுஆய்வுக்கு வரும்போது இரு பக்கத்துக் காடர், மலசர், முதுவர் குடியிருப்புகளின் கிராம சபைகள் கேட்கப்பட வேண்டும். எல்லைச் சாவடிகளில் அவர்கள் போக்குவரத்து தடையின்றி அமைய வேண்டும். அணைக்குக் கீழே வாழ்வோர்க்கு எச்சரிக்கை முறை வேண்டும். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று பெயர்ந்து நீர் சாலக்குடியை நோக்கிப் பாய்ந்தபோது, நம் பேச்செல்லாம் வீணாய்ப் போகும் நீரைப் பற்றியே இருந்தது. அணைக்கும் சாலக்குடிக்கும் இடையே ஆற்றோரம் குடியிருப்போரை நம்முள் எவரும் விசாரிக்கவில்லை. இவ்விண்ணப்பம் பயன் பெறுவோரிடமிருந்து செல்வதில் பொருள் உண்டு. பாதிக்கப்பட்டோர் கேட்பது வழக்கம்; பெற்றுக்கொண்டோர் கேட்பது அரிது.

காங்கயம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மூப்பர் ஒருவர் எழுந்தார். "ஐயா, அவங்களக் கேக்கணும்னு எழுதறது நியாயந்தானுங்க. கேட்டு, அவங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டா? எனக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தானுங்க தண்ணி வருது." அவர் கையொப்பமிடவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையில்லாத இசைவு இசைவாகாது என்பதை அவர் என்னைவிடத் தெளிவாகக் கண்டுகொண்டார். வரைவில் இதுவரை 19 பேர் கையொப்பமிட்டுள்ளனர். மூப்பரின் வீட்டுக்கு அடுத்த வாரம் செல்லவிருக்கிறேன்.